வழிகாட்டும் நூல்

அறியாத நிலத்திற்குச் செல்பவன், அந்நிலத்தை அறிந்தவனை நாடி வழி கேட்டல் இயல்பு. பண்டைத் தமிழர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவதாக அமைந்த நூல்கள் ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் மலைவழியின் அழகை மட்டும் கூறி அமையவில்லை. புனம் காப்போர் எறியும் கவண்கல், பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், வழுக்கும் நெறி ஆகியவற்றையும் எடுத்துக்கூறி எச்சரிக்கின்றது. சென்று வந்தவன் சொல்லுதலும், இடரை மறையாது சொல்லுதலும் வழிகாட்டும் நூலுக்கு இரு கண்கள் என்பது இதனால் விளங்கும்.

இக்காலத்தில் தேசியப் பூங்காக்களைக் காணச் செல்வோர் பலர். அவை நகரத்து மலர்ப் பூங்காக்கள் அல்ல. காடும் மலையும் ஆறும் விலங்கும் தம் இயல்பு கெடாமல் இருத்தற்பொருட்டு அரசு காத்துவரும் பெருநிலப் பரப்புகளே அவை. அவற்றுள் மூத்தது அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள யெல்லோஸ்டோன். 1872ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிராண்ட் கையொப்பமிட்ட சட்டத்தால் அது தேசியப் பூங்கா ஆயிற்று. அதன் பரப்பு ஏறத்தாழ 9,000 சதுரக் கிலோமீட்டர். கொதிக்கும் ஊற்றும், சேற்றுக் கொப்புளமும், நீராவி சீறும் துளையும், வெந்நீரை வானோங்கப் பீய்ச்சியடிக்கும் ஊற்றுமாகப் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட வியப்புகள் அங்கு உண்டு.

வழிகாட்டும் நூல் எதுவும் இல்லாத காலத்தில் அந்நிலம் எத்தகையதாய் இருந்தது என்பதற்கு ட்ரூமன் எவர்ட்ஸ் என்பாரின் வரலாறு சான்றாகும். 1870ஆம் ஆண்டு அங்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவினருள் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 54, கண்பார்வையும் குறைவு. செப்டம்பர்த் திங்களில் அடர்ந்த காட்டில் அவர் தம் கூட்டத்தாரைப் பிரிந்தார். மறுநாள் வழி தேடுதற்பொருட்டுக் குதிரையினின்று இறங்கியபோது, அது போர்வை, துப்பாக்கி முதலிய அனைத்துடனும் ஓடிவிட்டது. முட்செடி ஒன்றன் கிழங்கை உண்டு அவர் உயிர் தாங்கினார். தம்மிடம் எஞ்சியிருந்த சிறு தொலைநோக்கியின் ஆடியால் கதிரொளியைக் குவித்துத் தீ மூட்டினார். குளிருக்கு அஞ்சி வெந்நீர் ஊற்றின் அருகே தங்கியபோது, மெல்லிய நிலத்தோடு உடைந்து உட்புகவே, அவர் இடுப்பு வெந்தது. 37 நாள்களுக்குப் பின்னரே, எலும்பும் தோலுமாக அவர் மீட்கப்பட்டார். மூன்றாண்டு கழித்து, 1873இல், ஹாரி நார்ட்டன் என்பவர் அந்நிலத்திற்கு வழிகாட்டும் நூலொன்றை வெளியிட்டார்.

இன்று நூல்களுக்குக் குறைவில்லை. பலவற்றுள் தக்கதைத் தெரிந்தெடுப்பதே அரிது.

நூலைக் கையில் எடுத்தவுடன் நோக்கத்தக்கது அது வெளியான ஆண்டு. காடும் மலையும் மாறாதன என்று கருதுதல் பிழை. யெல்லோஸ்டோனில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்னும் ஊற்று, 1959ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்கு முன்னர் ஏறத்தாழ ஒருமணி நேரத்திற்கு ஒருமுறை பீறிட்டெழுந்தது. அந்நடுக்கத்தாலும் பின்வந்த நடுக்கங்களாலும் அவ்விடைவேளை நீண்டு, இக்காலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி ஆகியுள்ளது. 1926ஆம் ஆண்டளவில் அங்கு அழிக்கப்பட்ட ஓநாய்க்கூட்டம் 1995ஆம் ஆண்டில் மீண்டும் கொணர்ந்து விடப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பெருகிய வெள்ளம் வடக்கு வாயிற் சாலையை அரித்துச் சென்றமையால் வேறு வழி அமைக்கப்பட்டது. முற்காலத்துப் பயணிகள் சாலையோரக் கரடிகளுக்கு உணவளித்து மகிழ்ந்தனர். அதனால் பலர் காயமுற்றனர், கரடிகளும் கொல்லப்பட்டன. இன்று அச்செயல் குற்றமாகும். ஆதலின் பழைய நூலை வரலாறு அறிய வீட்டில் படிக்கலாம். வழி அறியப் புதிய பதிப்பையே நாடுதல் வேண்டும். அதன் பின்னரும், புறப்படுமுன் பூங்கா அலுவலகத்தின் அறிவிப்பைக் கேட்டறிதல் நன்று.

அடுத்து நோக்கத்தக்கது, நூல் இடர்களை உரைக்கின்றதா என்பது. ஊற்றுகளைச் சூழ்ந்த நிலம் சிலவிடங்களில் மெல்லிய ஓடு போன்றது. அதன் கீழே கொதிநீர் உள்ளது. பலகைப் பாதையை விட்டு விலகியும் தவறி விழுந்தும் வெந்து மாண்டோர் இருபதுக்கும் மேற்பட்டவர். காட்டெருமை, மான் முதலியவற்றிற்கு 23 மீட்டருக்கும், கரடி, ஓநாய் ஆகியவற்றிற்கு 91 மீட்டருக்கும் குறையாத தொலைவில் நிற்றல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. இவற்றைக் கூறாமல், வண்ணப் படங்களாலும் புகழுரைகளாலும் பக்கத்தை நிரப்பும் நூல் விளம்பரமே அன்றி வழிகாட்டி அன்று.

நூலின் திறத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதிற் கூறிய நடைவழி ஒன்றைத் தெரிந்துகொண்டு, தொலைவு எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, நடக்க எத்துணை நேரம் ஆகும், குடிநீர் கிடைக்குமா, எத்திங்களில் பனி மூடும் என்று அந்நூலையே வினவுதல் வேண்டும். நடந்து கண்டவர் எழுதிய நூல் இவற்றிற்கு விடை கூறும். பிறர் நூலைப் பார்த்து எழுதியது மௌனம் சாதிக்கும். நிலப்படம் அளவுகோலுடன் தெளிவாக உள்ளதா, இறுதியில் அகரவரிசைக் குறிப்பு உள்ளதா என்பதையும் காண்க. மாலையில் மழை பெய்யும்போது ஓரிடத்தை விரைந்து தேடுபவனுக்கு அவ்வரிசையின் அருமை விளங்கும்.

வாங்குவோன் தன் நோக்கத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். குழந்தைகளுடன் ஊர்தியில் செல்வோர்க்குச் சாலை, தங்குமிடம், உணவு பற்றிய செய்தி வேண்டும். பல நாள் காட்டில் நடப்போர்க்கு விரிவான நடைவழி நூல் வேண்டும். பறவையும் மரமும் அறிய விழைவோர்க்கு அவற்றின் படமும் அடையாளமும் கூறும் நூல் வேண்டும். எல்லாம் கூறும் பெருநூல் சுமப்போனுக்குப் பாரமாகும். கைப்பேசி இருக்க நூல் எதற்கு என்பாரும் உளர். யெல்லோஸ்டோனின் பெரும்பகுதியில் கைப்பேசிக்குத் தொடர்பு கிட்டுவதில்லை; தாளில் அச்சிட்ட எழுத்துக்கோ அத்தகைய தடை இல்லை.

எனினும், நல்ல நூலை வாங்கிப் பையில் வைத்தல் மட்டும் போதாது. எச்சரிக்கைப் பலகைகள் நின்ற இடத்திலேயே, அவற்றைப் பொருட்படுத்தாது சென்று மாண்டவரும் உண்டு. புறப்படுமுன் நூலைப் படித்து, அது காட்டும் நெறியில் நிற்பவனுக்கே அது துணையாகும். எவர்ட்ஸ் வழிகாட்டும் நூலின்றித் துன்புற்றார். நூலைப் பெற்றும் அதன் சொல்லைக் கேளாதவன் அவரினும் இரங்கத்தக்கவன் ஆவான்.

வினாக்கள்

1. வழிகாட்டும் நூலுக்கு இரு கண்கள் எனப்படுவன யாவை?
2. பழைய பதிப்பை வழி அறியப் பயன்படுத்தலாகாது என்பதற்கு மூன்று சான்றுகள் தருக.
3. நடந்து கண்டவர் எழுதிய நூலை எங்ஙனம் அறியலாம்?
4. உங்கள் ஊருக்குப் புதியவராய் வருவோர்க்கு வழியும் இடரும் கூறும் குறிப்பு ஒன்று எழுதுக.