நாடி எங்கே?



சென்ற மாதம் அறிவியல் வகுப்பில் நாடித்துடிப்பை எண்ணும் செய்முறை நடந்தது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து எல்லோரும் எண்ணினோம். என் பக்கத்திலிருந்த தோழியின் வலக்கையில் மட்டும் துடிப்பு அகப்படவேயில்லை. "எனக்கு ஏதும் வியாதியாடி?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கிவிட்டது. ஆசிரியை வந்து, கட்டைவிரலின் அடியில் புறங்கைப் பக்கம் தொட்டுப் பார்த்தார். அங்கே நாடி நன்றாகத் துடித்தது! இதன் காரணத்தைத் தேடிப் படித்தேன்.

இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்பவை தமனிகள். அக்குளிலிருந்து மேற்கை வழியே இறங்குவது பிராக்கியல் தமனி. இது முழங்கையின் முன்புறத்தில் இரண்டாகப் பிரியும். கட்டைவிரல் பக்கம் செல்வது ரேடியல் தமனி. சுண்டுவிரல் பக்கம் செல்வது அல்நார் தமனி. நாம் நாடி பார்ப்பது ரேடியல் தமனியில்தான்.

பாடநூற்படம் இப்படித்தான் காட்டும். ஆனால் எல்லார் கையும் படத்தைப் போல் இருப்பதில்லை. அமெரிக்காவில் 750 கைகளை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 18 கைகளில் பெரிய மாறுபாடுகள் காணப்பட்டன. அவற்றுள் மிகுதியானது, ரேடியல் தமனி முழங்கைக்கு மேலேயே பிரிந்துவிடுவது. சிலருக்கு அது மணிக்கட்டுக்கு முன்பே புறங்கைப் பக்கம் திரும்பிவிடும். ஒருவருடைய இரு கைகளுமே வேறு வேறாக இருப்பதும் உண்டு.

இது எதனால்? மழைக்காலத்தில் நம் மேற்கு மலையிலிருந்து இறங்கும் நீர் முதலில் பல சிற்றோடைகளாக ஓடுகிறது. நீரோட்டம் மிகுந்த ஓடை ஆழமாகி நிலைக்கிறது, மற்றவை தூர்ந்துவிடுகின்றன. கருவிலிருக்கும் குழந்தையின் கையிலும் முதலில் நுண்ணிய குழாய்கள் வலைபோல் தோன்றுகின்றன. அவற்றுள் சில பெருகி நிலைக்கின்றன, மற்றவை மறைகின்றன. வழக்கமாக மறையவேண்டிய குழாய் நிலைத்துவிட்டால் பாதை மாறுகிறது. இது நோயன்று, கைக்கு இரத்தம் குறைவதுமில்லை.

ஆயினும் மருத்துவர் இதை அறிந்திருக்கவேண்டும். சிலருக்கு முழங்கை மடிப்பில் தமனி தோலுக்கு அடியிலேயே ஓடும். அதைச் சிரை என்று எண்ணி மருந்தை ஏற்றினால் விரல்களே அழுகிப்போகக்கூடும். சிரை துடிக்காது, தமனி துடிக்கும். ஆகவே ஊசி குத்துமுன் விரலால் தொட்டுப் பார்ப்பது உயிர்காக்கும் பழக்கம்.

2022-இல் நம் விருதுநகர் மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இராஜபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் நம்மில் சிலர் நாளை அங்கே மருத்துவம் பயிலலாம். அப்போது புத்தகப் படத்தோடு, நம் முன் நீட்டப்படும் கையையும் படிப்போம். என் தோழி இப்போது அஞ்சுவதில்லை. "என் நாடி எங்கே, கண்டுபிடியுங்கள்!" என்று எல்லோரிடமும் கையை நீட்டுகிறாள்.

– பத்தாம் வகுப்பு மாணவி