பழைய வண்டிக்கு ஈயம் கலந்த பெட்ரோல் வேணுமா?

இளம்பிள்ளையில் சேலைக்கட்டு சுமந்த பழைய டிவிஎஸ் 50 ஆனாலும் சரி, கல்யாணத்துக்கு மட்டும் ஷெட்டை விட்டு வெளியே வரும் அம்பாசடர் ஆனாலும் சரி, பெரியவங்க சொல்றது ஒண்ணுதான்: "அந்தக் காலத்துப் பெட்ரோல் மாதிரி வருமா?" அந்தப் பெட்ரோலில் கூடுதலாக இருந்தது ஈயம்.

1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் கலந்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டுபிடித்தார். ஈயத்துக்கு யாரும் கேட்காத இன்னொரு வேலையும் இருந்தது. எரிந்தபின் அதன் உப்புகள் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் மெல்லிய படலமாகப் படியும். படலம் இல்லாவிட்டால், செஞ்சூட்டில் இருக்கும் வால்வு சீட்டில் மோதும்போது புள்ளி புள்ளியாக ஒட்டிப் பிய்யும். சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் இறங்கும். டாப்பெட் கேப் குறைந்து, வால்வு முழுசா மூடாமல் கம்ப்ரஷன் போயிடும். இதுதான் பயம்.

ஆனா இந்தப் பயம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100, யெஸ்டி எல்லாம் டூ ஸ்ட்ரோக். ஹெட்டில் வால்வே இல்லை, அப்புறம் சீட் எங்கே தேயும்? அலுமினிய ஹெட் என்றால் சீட் தனியாக இறக்கிய கடின வளையம், பெரும்பாலும் தாங்கும். ஹெட்டிலேயே சீட் கடைந்த வார்ப்பிரும்பு எஞ்சின்தான் மாட்டும். அதுவும் பைபாஸில் மணிக்கணக்காக விரட்டினால்தான். ஊருக்குள் உருட்டினால் தேய்மானம் மிகக் குறைவு.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க அதுதான். ஈயம் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் செயலிழக்க வைக்கும். அதைவிடப் பெரிசு, புகையில் வரும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். ஆக, இன்னைக்கு ஓடுற அம்பாசடர் இருபத்தைந்து வருஷமா ஈயமில்லாமல்தான் ஓடுது!

நாக்கிங் கவலையும் வேண்டாம். இப்போதைய பங்க் பெட்ரோலின் ஆக்டேன் 91-க்குக் குறையாது. அந்தக் காலத்து எஞ்சின்களின் குறைந்த கம்ப்ரஷனுக்கு அது தாராளம். சிலர் வால்வு சீட்டுக்காக டூடி ஆயில் கலக்கிறாங்க. அது ஈயத்தின் வேலையைச் செய்யாது, புகைதான் மிச்சம்.

இப்போ நிஜத் தொந்தரவு இ20. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டையும் ஊற வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். மாசக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டிக்கு இது இன்னும் மோசம்.

ஈயத்துக்குப் பதில்னு விற்கிற பாட்டிலை வாங்கும் முன், எஞ்சின் ஆறியபின் டாப்பெட் கேப்பை அளந்து எழுதி வையுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு மறுபடி அளங்கள். அதே வால்வில் திரும்பத் திரும்பக் குறைஞ்சா, ஹெட்டைக் கழற்றி லேத்தில் கடின சீட் வளையம் இறக்கணும். குறையலையா, பாட்டில் காசுக்கு எத்தனால் தாங்குற ஹோஸ் வாங்கிப் போடுங்க.