இரண்டாவது பிராசசர்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

பல ஆண்டுகளாக உழைத்துவந்த ஒரு சர்வர் தள்ளாடத் தொடங்கியதும், அதன் மூடியைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் மதர்போர்டில் காலியாகக் கிடக்கும் இரண்டாவது சாக்கெட் படுமானால், புது யந்திரத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியைக் கொண்டே சக்தியை இரட்டிப்பாக்கிவிடலாம் என்னும் ஆசை அவருக்கு எழுவது சகஜமே. அந்த ஆசை முற்றிலும் ஆதாரமற்றதன்று. பழைய மாடல் பிராசசர்கள் செகண்ட் ஹாண்ட் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன, தகுந்த இடத்தில் அமைந்தால் நன்றாகவே உழைக்கின்றன. ஆயினும் இந்த விஷயத்தைச் சுற்றி வளர்ந்திருக்கும் அபிப்பிராயங்களிற் சில பாதி உண்மை. சில முழுப் பிரமை. பணப்பையைத் திறப்பதற்கு முன் அவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பது நலம்.

நம்பிக்கை 1: ஒன்று இரண்டானால் வேகமும் இரண்டு மடங்காகும்.

உண்மை: 500 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் இரண்டைப் பொருத்தினால் 1000 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும் என்று கணக்குப் போடுவோர் உண்டு, ஆனால் இந்தக் கூட்டல் யந்திரத்திடம் செல்லுபடியாவதில்லை. ஒருவர் செய்துவந்த வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமானால், முதலில் அந்த வேலை பங்கிடத் தக்கதாக இருக்க வேண்டும்: கல்யாணச் சமையலில் காய் நறுக்குவதைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாமேயன்றி, உலை கொதிக்கும் நேரத்தை எவரோடும் பகிர்ந்துகொள்ள முடியாது. ஐ.பி.எம். சிஸ்டம்/360 யந்திரங்களின் அமைப்பை வகுத்தவர்களுள் முதன்மையானவராகிய ஜீன் அம்டால், 1967-ஆம் ஆண்டில் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுவே. பின்னர் அது அவர் பெயராலேயே விதியாக வழங்கலாயிற்று. ஒரு வேலையில் பத்தில் ஒன்பது பங்கு பிரிக்கத் தக்கதாகவும், எஞ்சிய ஒரு பங்கு வரிசைக்கிரமமாக மட்டுமே நடக்கக் கூடியதாகவும் இருக்குமாயின், இரண்டு பிராசசர்கள் தருவது 1.8 மடங்கு வேகம். நான்கு தருவது ஏறக்குறைய 3.1 மடங்கு, ஆயிரம் பிராசசர்களை வைத்தாலும் பத்து மடங்கை எட்ட முடியாது. வேலையில் பாதிதான் பிரியும் என்றால் இரண்டாவது பிராசசரால் கிடைப்பது 1.33 மடங்கு மட்டுமே. இன்றைய பிராசசர் ஒவ்வொன்றுக்குள்ளும் பல கோர்கள் இருக்கின்றன. அந்தக் கோர்களுக்கும் நியதி இதுவேதான்.

இதற்கு நல்ல திருஷ்டாந்தம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸை ஒதுக்கும் முறை அதனுடையது, 2016-இல் 9.6 பதிப்பு வெளிவரும் வரையில், தனியொரு கேள்வி எவ்வளவு பெரியதாயினும் ஒரு சமயத்தில் ஒரு கோரில்தான் ஓடும். அத்தகைய பழைய பதிப்பை நடத்தும் சர்வரில் நூறு பேர் ஒரே வேளையில் கேள்வி கேட்பார்களானால் இரண்டாவது பிராசசர் பிரத்தியட்சமாகப் பயன் தரும். ஆனால் மாதக் கடைசியில் இரவெல்லாம் ஓடும் ஒற்றைப் பெரிய ரிப்போர்ட், கோர்கள் எத்தனை சும்மா இருந்தாலும், அதனால் சீக்கிரம் முடிந்துவிடாது.

நம்பிக்கை 2: சர்வர் மந்தமாகிவிட்டதென்றால் பிராசசர் போதவில்லை என்றே அர்த்தம்.

உண்மை: சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரு தகவலைத் தேடியெடுக்கச் சில மில்லிசெகண்டுகள் செல்லும். அதை 5 மில்லிசெகண்டு என்று வைத்துக்கொண்டாலும், 2 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பிராசசருக்கு அந்த அவகாசம் ஒரு கோடித் துடிப்புகளுக்குச் சமானம். அத்தனை காலமும் அந்தத் தகவலை நாடிய வேலை சும்மா நிற்கிறது. ஒரு பிராசசர் காத்திருக்கும் இடத்தில் இரண்டாவதைக் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து காத்திருக்கும். இதில் பலரை வழி தவறச் செய்வது லினக்ஸ் காட்டும் லோட் ஆவரேஜ் என்னும் எண். பிராசசருக்காக வரிசையில் நிற்கும் வேலைகளை மட்டுமன்றி, டிஸ்கின் பதிலுக்காக உறைந்து நிற்கும் வேலைகளையும் அது சேர்த்தே எண்ணுகிறது. ஆகையால் அந்த எண் உயர்ந்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு பிராசசர் தட்டுப்பாடு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வி.எம்.ஸ்டாட் கட்டளையை வேலை மிகுந்த நேரத்தில் ஓடவிட்டு, ஓடுவதற்குத் தயாராக உள்ள வேலைகளின் எண்ணிக்கை கோர்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து தாண்டி நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். தாண்டினால் பிராசசர்தான் குறை. டிஸ்குக்காகக் காத்திருக்கும் விகிதம் மிகுந்திருந்தால் எஸ்.எஸ்.டி. வாங்குவதே விவேகம், ஸ்வாப் ஓயாமல் நடக்குமானால் மெமரிதான் பரிகாரம்.

நம்பிக்கை 3: மெமரி எல்லாருக்கும் பொது, பிராசசரைக் கூட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: பென்டியம் 3 காலத்துச் சர்வர்களில் மெமரி மெய்யாகவே பொதுவாக இருந்தது, கஷ்டமும் அதனாலேயே விளைந்தது. 133 மெகாஹெர்ட்ஸ் பஸ் ஒன்று, ஒரு துடிப்புக்கு 8 பைட் வீதம், வினாடிக்கு 1 கிகாபைட்டுக்குச் சற்று மேலாகச் சுமக்கும்; இரண்டு பிராசசர்களும் மெமரியை எட்டுவதற்கு அந்த ஒரே பாதைதான். அதற்கு மேலும், ஒன்றன் கேஷில் உள்ள பிரதியை மற்றொன்று மாற்றிவிட்டதா என்று ஓயாது கண்காணிக்கும் போக்குவரத்தும் அதே பாதையில்தான் நடந்தாக வேண்டும்.

2003-இல் ஏ.எம்.டி.யின் ஆப்டெரானும், 2009-இல் இன்டெலின் ஜியான் 5500 வரிசையும் இந்த ஏற்பாட்டை மாற்றி, ஒவ்வொரு பிராசசரும் தனக்கென்று மெமரியை நேரடியாக வைத்துக்கொள்ளும்படி செய்தன. இதனால் காலி சாக்கெட்டைச் சேர்ந்த மெமரி ஸ்லாட்டுகள் பிராசசர் வந்து அமரும் வரையில் உயிரற்றவை. 2012-இல் வந்த ஜியான் ஈ5-2600 வரிசை முதல், அந்தப் பக்கத்து பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகளிற் சிலவற்றின் கதியும் அதுவே. புதுப் பிராசசரைப் பொருத்திவிட்டு மெமரி முழுவதையும் பழையதன் பக்கத்திலேயே விட்டுவைத்தால், புதியது ஒவ்வொரு தகவலையும் அண்டை பிராசசர் வழியாகவே பெற வேண்டிவரும். ஆகையால் மெமரியை இருபுறமும் சமமாகப் பிரித்துப் பொருத்துவது அவசியம். இன்னும் சொல்லப்போனால், கணக்கிடும் சக்தி தாராளமாக இருக்கும்போதுகூட, மெமரி ஸ்லாட்டுகளும் கார்டுகளுக்கான இடமும் போதாமையால் மட்டுமே இரண்டாவது பிராசசரை வாங்குவதும் நியாயமானதே.

நம்பிக்கை 4: சாக்கெட்டில் பொருந்தும் பிராசசர் எதுவாயினும் சரி.

உண்மை: ஜியான் ஈ5-1600 வரிசைப் பிராசசர், ஈ5-2600 வரிசை அமரும் அதே வகைச் சாக்கெட்டில் அமரும், ஆனால் தன் இனத்தோடு பேசும் இணைப்பு அதற்கு இல்லாமையால், தனித்து மட்டுமே வேலை செய்யும். ஏ.எம்.டி.யின் எபிக் வரிசையில் மாடல் எண்ணின் இறுதியில் ‘பி’ என்னும் எழுத்தைத் தாங்கியவையும் அவ்வாறே. ஆகவே முதலாவதாக உள்ளது ஜோடி சேரக் கூடியதுதானா என்பதை நிச்சயித்துக்கொண்டு, மாடலும் வேகமும் கேஷும் அதற்கு ஒத்த ஒன்றையே தேட வேண்டும். பயாஸ் பழையதாயின் அதையும் முன்கூட்டியே புதுப்பித்துவிடுவது உத்தமம். ஈ5-2690 போன்ற பிராசசர் ஒன்றுக்கு நிர்ணயிக்கப்பட்ட வெப்ப அளவு மட்டுமே 135 வாட். அதற்குத் தனி ஹீட் சிங்கும், சில யந்திரங்களில் கூடுதல் ஃபேன்களும் வேண்டும், பவர் சப்ளையும் அந்தப் பாரத்தைத் தாங்கியாக வேண்டும். பென்டியம் 2 காலத்து இரட்டை ஸ்லாட் போர்டுகளிலோ, காலி ஸ்லாட்டில் செருகியிருந்த டெர்மினேட்டர் கார்டை அகற்றிய பின்னரே புதியவருக்கு இடம் உண்டு.

நம்பிக்கை 5: பொருத்திவிட்டால் போதும், மற்றதை ஆபரேட்டிங் சிஸ்டம் கவனித்துக்கொள்ளும்.

உண்மை: இன்றைய லினக்ஸையும் விண்டோஸ் சர்வரையும் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி, பழைய சர்வர் தன்னோடு பழைய மென்பொருளையும் சுமந்துவரும் போதுதான் சங்கடம். விண்டோஸ் என்.டி. 4, விண்டோஸ் 2000 ஆகியவற்றில் ஒற்றைப் பிராசசருக்கு ஒரு கெர்னலும் பலவற்றுக்கு வேறொரு கெர்னலும் இருந்தன. ஒன்றில் நிறுவிய பின் இரண்டாவதைச் சேர்ப்பவர் கெர்னலை மாற்றியாக வேண்டும், இல்லையேல் புதுப் பிராசசர் அலங்காரப் பொருளாகவே இருக்கும். 1996-இல் வந்த லினக்ஸ் 2.0 பல பிராசசர்களை ஏற்றுக்கொண்டதாயினும், ஒரே பெரும் பூட்டைக் கொண்டு, ஒரு சமயத்தில் ஒரு பிராசசர் மட்டுமே கெர்னலுக்குள் நுழையும்படி செய்திருந்தது. அந்தப் பூட்டு சிறிது சிறிதாகக் களையப்பட்டு, 2011-இல் 2.6.39 பதிப்பில்தான் முழுவதும் மறைந்தது.

இதைவிடச் சூட்சுமமான அபாயம் ஒன்றும் உண்டு. ஒரு கோர் மட்டுமே உள்ள யந்திரத்தில், இன்டரப்டுகளைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டால் நடுவே எவரும் குறுக்கிட முடியாது என்று நம்பி எழுதப்பட்ட டிரைவர்கள், இரண்டாவது வந்ததும் அந்தப் பாதுகாப்பை இழக்கின்றன. ஒரே தகவலை இரண்டும் ஒரே கணத்தில் திருத்த முற்படும்போது, பல வருஷங்களாக மறைந்து கிடந்த பிழை வெளிப்படுகிறது. டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965-லேயே ஆராய்ந்து தீர்வு கண்ட பிரச்னையின் வகையைச் சேர்ந்ததே இது; எனினும் தீர்வை அறியாமலோ, அவசியமென்று கருதாமலோ எழுதப்பட்டவை ஏராளம். ஆகையால் முக்கியமான சர்வரானால், உண்மையான வேலைப் பளுவோடு சில நாட்கள் சோதித்துப் பார்த்த பிறகே அதைப் பழைய ஸ்தானத்தில் அமர்த்த வேண்டும்.

நம்பிக்கை 6: ஒரு பிராசசர் பழுதானால் மற்றொன்று தாங்கிக்கொள்ளும்.

உண்மை: சாதாரணச் சர்வர்களில் இரண்டு பிராசசர்களும் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்தை, ஒரே மெமரிப் பரப்பைப் பகிர்ந்து நடத்துவன, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று கெட்டால் யந்திரம் முழுவதுமே நின்றுவிடும் என்பதுதான் பொது விதி. பழுதைத் தாங்குவதே நோக்கமாக 1974-இல் தொடங்கப்பெற்ற டாண்டெம் நிறுவனம், ஒவ்வொரு பிராசசருக்கும் தனி மெமரியும் தனி ஆபரேட்டிங் சிஸ்டமும் கொடுத்து, ஒன்றன் வேலையை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும்படி அடிமுதல் நுனிவரை வேறு விதமாக நிர்மாணித்தது. அந்தப் பலனை ஒரு சாக்கெட்டை நிரப்பிப் பெற முடியாது. தொடர்ந்த சேவையே குறிக்கோளாயின் இரண்டாவது பிராசசரைவிட இரண்டாவது சர்வரே உகந்தது.

நம்பிக்கை 7: செலவு என்பது பிராசசரின் விலைதான்.

உண்மை: மென்பொருள் லைசென்ஸ்கள் பல, பிராசசர் அல்லது கோர் எண்ணிக்கையின்படி விதிக்கப்படுவன. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2012 பதிப்பு முதலும், விண்டோஸ் சர்வர் 2016 முதலும் கோர்களை எண்ணும் முறையைக் கைக்கொண்டன. டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பழைய பிராசசர், சில லட்சம் ரூபாய் லைசென்ஸுக்கு வழிகோலக் கூடும். ஆகவே விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் ஒப்பந்தத்தைப் பார்ப்பது முறை.

இவ்வளவையும் ஆராய்ந்த பின், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல வேலைகள் ஒருங்கே வந்து குவிகின்றன, அவை டிஸ்குக்கும் மெமரிக்கும் அன்றிப் பிராசசருக்கே காத்து நிற்கின்றன, லைசென்ஸும் இடம் கொடுக்கிறது என்று தேறுமானால், இரண்டாவது பிராசசரைத் தயக்கமின்றி வாங்கலாம். அந்த நிலையில் பழைய சர்வருக்குச் செய்யும் செலவுகளுள் அதைவிட லாபகரமானது அரிது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அந்தப் பணத்துக்கு வேறு இடத்தில் அதிக மதிப்பு உண்டு.