ஜெர்சி கிடைத்துவிடும், பஸ் காசு?

தாராபுரம் வட்டாரத்தில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணிக்கு உதவி கேட்டுப் போனால் முதலில் கிடைப்பது ஜெர்சி. "அளவு மட்டும் அனுப்பிவிடுங்க சார், புதன்கிழமைக்குள்ள அடிச்சுக் குடுத்தர்றனுங்க" என்பார் பனியன் கம்பெனிக்காரர். மனசாரத்தான் சொல்கிறார். திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் சப்ளிமேஷன் பிரிண்டிங் போட்டிருப்பார். மாதிரி அனுப்பி, பெயரும் நம்பரும் சரிபார்த்து, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே பார்சல் வந்து சேரும். ஒரே ஆண்டில் இரண்டு செட் ஜெர்சி சேர்ந்துபோய், எதைப் போட்டுக்கொண்டு இறங்குவது என்று தடுமாறிய அணியை நான் பார்த்திருக்கிறேன். அன்று மதியம் அந்தப் பையன்கள் சாப்பிட்டது, பிசிக்கல் டைரக்டர் தன் கைக்காசில் வாங்கிய தயிர்சாதப் பொட்டலம்.

சின்னக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி இந்த ஊரில் உலவும் பேச்சுகளில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் கெடுக்கிறது.

நம்பிக்கை: "திருப்பூரில் பணத்துக்கா பஞ்சம்? சி.எஸ்.ஆர். நிதி கொட்டிக் கிடக்கிறது, கேட்கத் தெரியவில்லை."

2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். அந்த எண்ணைக் கேட்டதும் வாய் பிளந்துவிடுகிறோம். அது விற்றுவரவு, லாபம் அல்ல. நூல்காரர், நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று பல கைகளுக்குப் பிரிந்து போகிற காசு.

சட்டமும் நாம் நினைப்பதுபோல் இல்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும். அந்த நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அதுதான் சி.எஸ்.ஆர். இங்கே 'கம்பெனி' என்றால் கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனி. நம் ஊரில் தையல் மெஷின் பத்து போட்டாலும் கம்பெனி, ஆயிரம் போட்டாலும் கம்பெனி. ஆனால் ஏராளமான யூனிட்டுகள் பார்ட்னர்ஷிப்பாகவும் தனி ஆள் பெயரிலும் ஓடுகின்றன. 135-ஆவது பிரிவு அவற்றின் வாசற்படியை மிதிப்பதில்லை. அவர்கள் தருவது சொந்தக் காசு. மனசு இருந்தால் வரும், ஆர்டர் இருந்தால் வரும்.

வரம்புக்குள் வரும் பெரிய நிறுவனம் என்றே வைத்துக்கொள்வோம். சட்டத்தின் 7-ஆவது அட்டவணையில் விளையாட்டுக்கு இடம் உண்டு: கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி. பயிற்சி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு நாள் நடந்து முடியும் நிகழ்ச்சிக்குக் கொடுப்பது கணக்கில் வராது என்று 2014 ஜூனிலேயே கம்பெனி விவகார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டுவிட்டது. தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பும் சேராது. ஆக, "உங்க லோகோவை நெஞ்சில் பெரிசாப் போடறோம்" என்று நாம் ஆசை காட்டுவது, சி.எஸ்.ஆர். கணக்கு எழுதுபவருக்குத் தலைவலி. ஆண்டு முழுக்க நடக்கும் பயிற்சிக்குப் பயிற்சியாளர் சம்பளம், பந்து, சத்துணவு என்று திட்டம் எழுதிக் கேட்டால் கதவு திறக்க வாய்ப்பு உண்டு. நாம் எழுதிக்கொண்டு போவதோ 'மாபெரும் ஒருநாள் கால்பந்துப் போட்டி' நோட்டீஸ்.

இன்னொன்று. ஒரே தொழிலை நம்பிய ஊரில் எல்லா ஸ்பான்சருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வரும். 2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும், நன்கொடை நோட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிப் படி ஏறத் துணிந்தவர் யார்?

நம்பிக்கை: "ஜெர்சியும் பந்தும் வாங்கிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?"

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 300 ரூபாய் என்றால் ஜெர்சிச் செலவு 5,400. தாராபுரத்திலிருந்து 80 கிலோமீட்டர் போல் உள்ள கோவைக்கு, பயிற்சியாளரும் மேனேஜருமாகச் சேர்த்து 20 பேர் போய் ஆடிவர, பஸ்ஸுக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் டீ, வாழைப்பழத்துக்கும் ஆளுக்கு 400 என்று இறுக்கிப் பிடித்தாலும் நாளுக்கு 8,000. மூன்று நாள் ஆட்டம் நீடித்தால் 24,000. தங்க இடம் இன்னும் சேர்க்கவில்லை. ஜெயிக்க ஜெயிக்கச் செலவு ஏறும். முதல் நாளே தோற்றுத் திரும்பும் அணிதான் கல்லூரிக் கணக்காளருக்குப் பிடித்த அணி.

கல்லூரிக்குள் இருக்கும் காசு, மாணவர் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் விளையாட்டுக் கட்டணம். அதில்தான் கபடி, வாலிபால், கோகோ, தடகளம், செஸ், ஆண்டு விழாக் கோப்பை எல்லாம். பெரிய செலவு வைக்கும் ஆட்டம் வரிசையின் கடைசியில் நிற்கும்.

ஜெர்சி கொடுத்தவருக்கு ஒரு குரூப் போட்டோ கிடைக்கிறது, ஆபீஸ் சுவரில் மாட்டலாம். பஸ் டிக்கெட்டை யார் மாட்டுவார்கள்? ஜெர்சி மட்டும் குவிவதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

நம்பிக்கை: "ஜெயித்துக் காட்டட்டும், கூட்டமும் காசும் தானாக வரும்."

நம் பக்கத்திலேயே நடந்த கதை ஒன்று உண்டு. பெயர் சென்னை சிட்டி என்றாலும் அந்த அணி சொந்த மண்ணாகக் கொண்டு ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9 அன்று, கடைசி ஆட்டத்தில், மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று 43 புள்ளிகளோடு ஐ-லீக் பட்டத்தைத் தூக்கியது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளில் நின்றது. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு எடுத்தது. இதைவிட வெற்றி என்ன வேண்டும்? 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணி தேசிய லீகிலேயே இல்லை. இந்தியாவின் சாம்பியனுக்கே இந்தக் கதி. மண்டலப் போட்டியில் கோப்பை வாங்கி வரும் கல்லூரிக்கு ஒரு பேனரும் முதல்வரின் பாராட்டும் கிடைக்கும். அடுத்த ஆண்டு பஸ் காசுக்கு மறுபடி நோட்டு தூக்க வேண்டும்.

"அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறதே" என்று ஒருவர் எழுந்திருப்பார். முதலில், அது கையில் தூக்கிக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். இரண்டாவது, அந்தக் கோடிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய பல்கலைக்கழகங்களுக்கு. அங்குள்ள சின்னக் கல்லூரிகள் ஆடும் 'டிவிஷன் 3' பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதற்கே அனுமதி இல்லை. அவை அணி வைத்திருப்பது பெரும்பாலும் அட்மிஷனுக்காக: நூறு பையன்கள் ஆட வந்தால் நூறு பேரின் கட்டணம் வரும். அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம்-சதர்ன் என்றொரு கல்லூரி, செலவு தாங்காமல் 2006-இல் பெரிய பிரிவிலிருந்து டிவிஷன் 3-க்கு இறங்கி, மாணவர்களை இழுக்க 2007-இல் ஃபுட்பால் அணியைப் புதிதாக ஆரம்பித்தது. 2024 மே 31-இல் கல்லூரியே மூடப்பட்டது. அன்றைக்கு அதன் பேஸ்பால் அணி தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நம்பிக்கை: "நம்ம ஜனங்களுக்கு ஃபுட்பால் ஒட்டாது. அது மலையாளிகளுக்கும் பெங்காலிகளுக்கும்தான்."

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இந்தப் பேச்சு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலப்புறத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து சீசனில் ஊருக்கு ஊர் தற்காலிக கேலரி எழும்பும். டிக்கெட் வாங்கி உள்ளே போவார்கள். 2022 மார்ச்சில் வண்டூர் அருகே பூங்கோட்டில் அப்படியொரு கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அவ்வளவு கூட்டம். அது ரத்தத்தில் ஓடுவது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். எனக்குத் தெரிவது வேறு: ஆட்டம் ராத்திரியில் நடக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது, வேலை முடித்து வந்தவர் பார்க்கிற நேரத்தில் நடக்கிறது. ஒரு சீசன் முழுக்க நடக்கிறது.

நம் ஊரில் மின்னொளிக் கபடிக்குக் கூட்டம் வரவில்லையா? விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்த ஜனம்தான் இது.

கல்லூரிக் கால்பந்து எப்போது நடக்கிறது? ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏதோ ஒரு ஊரில், போட்டி நடத்தும் கல்லூரியின் மைதானத்தில். அந்த நேரத்தில் திருப்பூர் ஷிப்டில் இருக்கிறது. கூடப் படிக்கும் பையன்கள் வகுப்பில் இருக்கிறார்கள், வகுப்பு முடித்துப் பார்ட் டைம் வேலைக்குப் பஸ் பிடிக்கிறார்கள். அதைவிட முக்கியம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. ஜூன் முதல் காலை ஆறு மணிக்கு எழுந்து ஓடியவனுக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு ஆட்டம், அதுவும் வெளியூரில். அப்படிப்பட்ட அணிக்கு ரசிகன் இல்லை என்று ரசிகனைத் திட்டுவது நியாயமா? சொந்தத் தெருவில் அந்த அணி பந்தை உதைத்து யாருமே பார்த்ததில்லை.

டிவியில் வந்தால் வேறு கதை என்பதும் உண்மை. டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் 2025 கோப்பையை வென்ற அணியின் பெயரில் திருப்பூர் இருக்கிறது. அந்த ஆண்டு ஆட்டங்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என நான்கு ஊர்களில் நடந்தன. திருப்பூரில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் டீக்கடையில் "நம்ம டீம்" என்றார்கள். கல்லூரி அணிக்கு டிவி வரப்போவதில்லை. அதற்கு மைதானம் ஒன்றுதான் வழி.

நம்பிக்கை: "பெண்கள் அணிக்குச் செலவு செய்வது வீண்."

மாநில அணிகள் மோதும், 1941-இல் தொடங்கிய சந்தோஷ் டிராபியைத் தமிழ்நாட்டு ஆண்கள் ஒரு முறைகூட வென்றதில்லை. தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இலும் 2023-இலும் வென்றார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நம்பிக்கை: "படிப்பைக் கெடுத்துக்கொண்டு ஆடி என்ன கிடைக்கும்? ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது என்பதெல்லாம் சும்மா."

சும்மா இல்லை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு 2 சதவீதத்திலிருந்து 3 ஆக உயர்த்தப்பட்டது. பொறியியல் கலந்தாய்விலும் 500 இடங்கள் உண்டு. ஆனால் கல்லூரிக்காக ஆடினேன் என்ற சான்றிதழ் மட்டும் அதிக தூரம் போகாது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரே ஆட்டம் ஆடுகிற பையனைத் தேர்வாளர் எப்போது பார்ப்பார்? சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

மைதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இடமா இல்லை, தாராபுரத்தில்?" என்பார்கள். இடம் இருக்கிறது. புல் இல்லை. புல்லுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு முன்னால் தென்னையும் முருங்கையும் வரிசையில் நிற்கின்றன. செம்மண்ணில் சறுக்கி விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று காற்றாலைகளை மட்டுமா சுற்றுகிறது? அப்போது கார்னர் கிக் அடித்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்பது அடித்தவனுக்கே தெரியாது. இந்தக் காற்றில் பந்தைத் தரையோடு தட்டி ஆடப் பழகியவன் வெளியூர் மைதானத்தில் நன்றாகவே ஆடுவான் என்று ஒரு பழைய ஆட்டக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ.

ஆட்டங்களைக் கூட்ட வழி இருக்கிறது. தாராபுரம், உடுமலை, காங்கேயம், பல்லடம் என்று நான்கு ஊர்க் கல்லூரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் போதும். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடினால் மொத்தம் 12 ஆட்டங்கள். அணிக்கு ஆறு, அதில் மூன்று உள்ளூரில். எல்லாம் டவுன் பஸ்ஸோ ரூட் பஸ்ஸோ பிடித்து அன்றே திரும்பும் தூரம், தங்கும் செலவு இல்லை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆகவே ஞாயிறு மாலை நாலரை மணி. நடுவருக்குப் படி, சுண்ணாம்புக் கோடு, குடிதண்ணீர், நான்கு மூங்கிலில் ஒரு பந்தல்.

ஜெர்சி ஏற்கெனவே பீரோவில் இருக்கிறது. இரண்டு செட்.