தெரிந்த சொல், தெரியாத பொருள்

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு டிப்ளமோவுக்கு வந்த நம்மில் பலருக்கு இங்கிலீஷ் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு வைவாவில் என்னிடம், "ஃபட்டீக் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். "களைப்பு சார்" என்றேன். ஒரே சிரிப்பு! அப்புறம் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நான் சொன்னது பாதி சரி என்று. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

1. ஃபட்டீக்: களைப்பு. உலோகத்துக்கும் களைப்பு உண்டு. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று ஒடிகிறதல்லவா, அதுதான். 1954-ல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் வானத்திலேயே உடைந்ததற்கு உலோகக் களைப்பே காரணம் என்று கண்டார்கள்.

2. ப்ளே: விளையாட்டு. பேரிங்கில் ப்ளே என்றால் தளர்வு. நம்ம ஊர் மெக்கானிக், "வீல்ல ஆட்டம் இருக்குப்பா" என்பாரே, அதே ஆட்டம்தான்!

3. க்யூர்: நோயைக் குணமாக்குவது. சிமெண்ட் வேலையில் க்யூரிங் என்றால் ஈரம் காயாமல் வைத்திருந்து இறுக விடுவது. ஆத்தங்குடியில் பூக்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவது இதற்காகத்தான்.

4. செல்: ஜெயில் அறையும் செல், உடம்பின் நுண்ணறையும் செல். டார்ச் லைட்டில் போடுவதும் செல்தான். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் இந்தக் கடைசி செல்லைப் பற்றித்தான் ஆராய்கிறார்கள்.

5. லைவ், டெட்: உயிருள்ளது, உயிரற்றது. சிவிலில் டெட் லோடு என்பது கட்டடத்தின் சொந்த எடை. லைவ் லோடு என்பது ஆட்கள், மேஜை நாற்காலி போல வந்துபோகும் பாரம். எலக்ட்ரிகலில் லைவ் என்றால் மின்சாரம் உள்ள கம்பி. டெட் என்றால் சப்ளை துண்டிக்கப்பட்டது. யாரோ "டெட்" என்று சொன்னதை நம்பிக் கை வைக்காதீர்கள், டெஸ்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற சொற்களில் தப்பு வந்தால் மார்க்தான் போகும். இதில் தப்பு வந்தால் ஆளே போய்விடுவான்.

ஆகவே நண்பர்களே, புதுச் சொல் வந்தால் நோட்டில் இரண்டு கோடு போடுங்கள். ஒன்றில் வீட்டுப் பொருள், மற்றொன்றில் ஒர்க்‌ஷாப் பொருள். இரண்டுக்கும் என்ன உறவு என்று யோசியுங்கள். அடுத்த வைவாவில் "களைப்பு சார்" என்று ஆரம்பித்து, எதன் களைப்பு, எப்படி வந்த களைப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிரிக்க மாட்டார்கள்.