கத்திரிக்கோல் யார் கையில்?



நம் சிலபஸில் இல்லாத ஒரு பாடத்தை இந்த மலரில் எழுத ஆசைப்படுகிறேன். போன வருஷம் மயிலாப்பூரில் ஒரு குடியிருப்பு விழாவுக்காக இருபது நிமிட நாடகம் எழுதினேன். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஒரு தெருவின் கதை. ஒத்திகை பார்க்க வந்த விழாக் குழுப் பெரியவர், "தம்பி, அந்த வீட்டுக்காரர் சீனை எடுத்துடுங்க. நன்கொடை குடுத்தவங்க மனசு கோணும்" என்றார். எடுத்துவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. அன்று ராத்திரி, யாருமே கேட்காத இன்னும் இரண்டு சீன்களை நானே அடித்தேன். அதுதான் உறுத்துகிறது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்து, நம் நாடக மேடையின் சரித்திரத்தைப் படித்தேன்.

1876-ல் வெள்ளைக்கார அரசு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. ராஜத் துரோகம், அவதூறு, ஆபாசம் என்று தோன்றினால் நாடகத்தைத் தடை செய்யலாம். சுதந்திரத்துக்குப் பிறகாவது ஒழிந்ததா? இல்லை. 1954-ல் நம் மாநில அரசே தனியாக ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்பார்கள். ராதா ஒருவருக்காக வந்த சட்டம் எல்லோர் தலையிலும் விழுந்தது. சென்னையில் நாடகம் போடுகிறவர்கள் வசனப் பிரதியை முன்கூட்டியே போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சினிமாவுக்காவது தணிக்கைக்கென்று தனி வாரியம். நாடகத்துக்கோ காவல்துறை!

'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குத் தொடுத்தார். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று ரத்து செய்தது. வெள்ளைக்காரன் போட்ட 1876 சட்டமும் 2018-ல் நீக்கப்பட்டது.

நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் சொல்கிறேன். ஜாப் முடிந்த பிறகு வெர்னியர் வைத்துப் பார்ப்பது சோதனை. தப்பிருந்தால் ரிஜெக்ட் செய்யலாம், நாம் பதிலும் சொல்லலாம். லேத்தை ஆன் பண்ணும் முன்பே கையைப் பிடித்துக்கொள்வது சோதனை இல்லை. மேடைக்கு வராத நாடகம் நல்லதா கெட்டதா என்று யாருக்குத் தெரியும்?

அப்படியானால் யாரும் எதுவும் சொல்லக் கூடாதா? சொல்லலாம். "இந்த சீன் இழுக்குது, சுருக்குடா" என்று கூட நடிக்கிற நண்பன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். அவன் நாடகத்துக்காகச் சொல்கிறான். பெரியவர் சொன்னது நன்கொடைக்காக. அவர் கெட்டவர் இல்லை. விழா நடத்தப் பணம் வேண்டுமே. ஆகவே வெட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த மாற்றம் படைப்புக்காகவா, வேறு யாருக்காகவோவா?

கோர்ட் சட்டத்தைத்தான் ரத்து செய்ய முடியும். என் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை நான்தான் எடுத்துப் போட வேண்டும்.

அடித்த இரண்டு சீன்களையும் திரும்ப எழுதிவிட்டேன். வீட்டுக்காரரும் வந்துவிட்டார். மேடை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் சொல்கிறேன், அவசியம் வாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்