கறவைப் பசுவின் தீவனமும் ஆற்றல் மதிப்பீடும்

பால் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே செல்கிறது. ஆயினும் தீவனத்தின் அளவைப் பலரும் எடையைக் கொண்டே முடிவு செய்கின்றனர். பசுவுக்குப் பயன்படுவதோ செரித்த பின் கிடைக்கும் ஆற்றலாகும்.

இதனை அளக்க நம் நாட்டில் நெடுங்காலமாகக் கையாளப்படும் அலகு 'மொத்தச் செரிமானச் சத்து' எனப்படும். செரிக்கக்கூடிய புரதம், நார்ப்பொருள், மாவுச்சத்து ஆகியவற்றின் கூட்டுத்தொகையுடன், செரிக்கக்கூடிய கொழுப்பை 2.25 ஆல் பெருக்கிச் சேர்த்தால் இது கிடைக்கும். கொழுப்பில் ஆற்றல் மிகுதி என்பதே பெருக்குவதற்குக் காரணம்.

முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். 400 கிலோ எடையுள்ள பசுவின் உடல் பராமரிப்புக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.1 கிலோ செரிமானச் சத்து தேவை. 4 சதவீதக் கொழுப்புள்ள பால் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.32 கிலோ வேண்டும். எனவே 10 கிலோ பால் தரும் பசுவுக்கு மொத்தத் தேவை 6.3 கிலோ ஆகும்.

அடுத்து, தீவனம் அளிப்பதைக் காண்போம். வட இந்தியாவில் வழக்கமான தீவனங்களை எடுத்துக்கொள்வோம். கோதுமை வைக்கோல் 5 கிலோவில் உலர்பொருள் 4.5 கிலோ; அதில் 45 சதவீதம், அதாவது 2.0 கிலோ, செரிமானச் சத்து. பசும் மக்காச்சோளத் தீவனம் 15 கிலோவில் நீர் நீங்கலாக 3 கிலோவே உலர்பொருள். அதில் 60 சதவீதம், 1.8 கிலோ. அடர் தீவனம் 3 கிலோவில் உலர்பொருள் 2.7 கிலோ, அதில் 70 சதவீதம், 1.9 கிலோ. மொத்தம் 5.7 கிலோ.

தொட்டியில் 23 கிலோ தீவனம் இருந்தும் 0.6 கிலோ பற்றாக்குறை உள்ளது. இது ஏறத்தாழ 2 கிலோ பாலுக்குச் சமம். பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்து இதை ஈடுசெய்ய முயலும். நாளடைவில் பாலும் குறையும், சினைப் பிடிப்பும் தாமதமாகும். ஒரு கிலோ அடர் தீவனத்தைக் கூட்டினால் குறை நீங்கும்.

இம்முறைக்கு ஒரு வரம்பும் உண்டு. வாயுவாகவும் வெப்பமாகவும் வீணாகும் ஆற்றலை இது கழிப்பதில்லை. ஆகவே வைக்கோலின் மதிப்பைச் சற்று மிகைப்படுத்தியே காட்டும்.

2012இல் தொடங்கப்பட்ட தேசியப் பால்வளத் திட்டத்தின் முதற்கட்டத்தில், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் கணினி உதவியுடன் குறைந்த செலவில் சமச்சீர்த் தீவனத்தைப் பரிந்துரைத்தனர். அதன் அடிப்படையும் தேவை, வழங்கல் என்னும் இக்கணக்கே. புரதமும் தாதுஉப்பும் இதேபோல் சரிபார்க்கப்பட வேண்டும். கையிலுள்ள தீவனத்தை எடைபோட்டு, அதன் உலர்பொருளை மதிப்பிடுவதே முதற்படி ஆகும்.